கோவில் ஆர்கனிஸ்ட் ஆவது எப்படி: கீபோர்டில் தொடங்கி, கொயர் நடத்தி, சொந்தப் பாட்டு எழுதுவது வரை

கோவில் (சர்ச்) ஆர்கனிஸ்ட் என்றால் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாசிப்பு முக்கியம்தான். ஆனால் சபை உங்களை வைத்திருப்பது வேறு வேலைக்கு: பாடப் பயிற்சியே இல்லாத ஒரு கூட்டத்தை ஒன்றாகப் பாட வைக்க. ஆர்கனில் உட்கார்ந்தாலும் சரி, கொயர் (பாடகர் குழு) முன்னால் நின்றாலும் சரி, வீட்டில் உட்கார்ந்து புதுப்பாட்டு எழுதினாலும் சரி, கடைசியில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். சபை பாடியதா?

தமிழ்நாட்டின் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் ஆர்கனிஸ்ட், கொயர் மாஸ்டர், இசையமைப்பாளர் என்ற மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில்தான் விழும். இது புதிதல்ல. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1723 முதல் 1750ல் இறக்கும் வரை லைப்சிக்கில் பார்த்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்: பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, ஞாயிறுக்கு இசை தயாரிப்பது, இல்லாததை எழுதுவது. அவரும் திட்டு வாங்கியவர். இளவயதில் ஆர்ன்ஷ்டாட் ஊரில் ஆர்கனிஸ்டாக இருந்தபோது, நான்கு வாரம் லீவு வாங்கிக்கொண்டு லூபெக் போய் அதைப்போல நான்கு மடங்கு காலம் தங்கிவிட்டார். திரும்பி வந்ததும் 1706ல் சபை நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தது. லீவு மட்டும் புகார் அல்ல. சபைப் பாட்டுக்கு நடுவே விசித்திரமான சுரங்களைக் கலந்து ஜனங்களைக் குழப்புகிறார் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. பாக்குக்கே அந்தப் பேச்சு என்றால், நமக்கு வராமலா இருக்கும்?

முதல் படி: கீபோர்டு கையை ஆர்கன் கையாக மாற்றுவது

பியானோ அல்லது கீபோர்டில் ஓரளவு தேறிய பிறகு ஆர்கனுக்கு வாருங்கள். ட்ரினிட்டி காலேஜ் லண்டன் அல்லது ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் அமைப்புகளின் இசைத் தேர்வுகளில் ஐந்தாம் கிரேடு அளவுக்குக் கை ஓடினால் போதும். சென்னையில் 1842ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் என்ற இசைக்கருவிக் கடை வழியாக ட்ரினிட்டி தேர்வு எழுதியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். தியரியைத் தள்ளிப்போடாதீர்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம். வழியில் ஆறாம் கிரேடு வாசிப்புத் தேர்வுக்குப் போக, ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான தேர்வோ கட்டாயம். தேர்வு ஒரு பக்கம் இருக்கட்டும். நான்கு குரலை (சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்) ஒரே பார்வையில் படிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இந்த வேலை பெரும்பாடு.

பியானோவில் அழுத்திய சுரம் தானாகத் தேய்ந்து அடங்கும். ஆர்கனில் விரலை எடுக்கும் வரை அது அதே பலத்தோடு நிற்கும். எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் சத்தம் கூடாது. அதனால் ஆர்கனில் தாளம் விரலை எடுப்பதில்தான் பிறக்கிறது. ஒரு சுரத்தை அழுத்திக் காட்ட வேண்டுமென்றால், அதற்கு முந்தைய சுரத்தை ஒரு மயிரிழை முன்னதாக விட்டுவிட வேண்டும். அந்தச் சின்ன இடைவெளிதான் அழுத்தமாகக் காதில் விழுகிறது. சஸ்டெயின் பெடல் கிடையாது என்பதால், ஒரு விரல் அழுத்திக்கொண்டிருக்கும்போதே அதே கட்டையில் வேறு விரலை மாற்றி வைத்து நகரும் வித்தையையும் தினமும் பழக வேண்டும்.

அடுத்து ஸ்டாப்புகள், அதாவது எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இழுப்பான்கள். 8 அடி என்று எழுதிய ஸ்டாப், எழுதிய சுரத்தை அதே உயரத்தில் ஒலிக்கும். 4 அடி ஒரு ஸ்தாயி மேலே, 2 அடி இரண்டு ஸ்தாயி மேலே, 16 அடி ஒரு ஸ்தாயி கீழே. ஜனங்கள் பாடுவதற்கு 8, 4 அடி பிரின்சிபல்கள் (ஆர்கனுக்கே உரிய அடிப்படை ஒலி தரும் ஸ்டாப்புகள்) அடித்தளம். கோவில் நிறைந்திருந்தால் 2 அடி சேருங்கள். ஜெபவேளையில் ஒரே ஒரு 8 அடி புளூட் போதும். முதல் சரணத்திலேயே எல்லாவற்றையும் இழுத்துவிட்டால் கடைசிச் சரணத்துக்குக் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

கால் கட்டைகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். சிக்கல் இடது கையில் இருக்கிறது. அதுவரை பாஸ் வாசித்துப் பழகிய இடது கை, இப்போது அதைக் காலுக்குக் கொடுத்துவிட்டு டெனரை மட்டும் பிடிக்க வேண்டும். முதலில் காலும் இடது கையும் மட்டும், மெதுவாக. அது சரியாக வந்த பிறகு வலது கையைச் சேருங்கள். மெல்லிய தோல் அடியும் சிறு குதிகாலும் உள்ள ஷூ நல்லது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வரும் கோவில் என்றால், ஆர்கனுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாமா என்று ஐயரிடம் (போதகரிடம்) முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உண்மையான பைப் ஆர்கனைப் பார்க்க வேண்டுமா? சென்னை எழும்பூர் செயின்ட் ஆன்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்துக்குப் போங்கள். இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்பீல்டில் இருந்த பீட்டர் கானாக்கர் நிறுவனம் செய்து, 1883ல் நிறுவப்பட்ட ஆர்கன் அங்கே இருக்கிறது. நம் ஊர் வெயிலில் பைப் ஆர்கனை ஒழுங்காக வைத்திருப்பது லேசான காரியம் அல்ல. காற்று சூடேறினால் குழாய்களின் சுருதி ஏறும். நாக்கு வைத்த ரீட் குழாய்கள் அதே அளவுக்கு ஏறாது. காலையில் சேர்ந்திருந்த இரண்டும் மத்தியானக் கல்யாணத்தில் பிரிந்து நிற்கும். பெரும்பாலான சபைகளில் உங்களுக்குக் கிடைக்கப்போவது டிஜிட்டல் ஆர்கன் அல்லது நல்ல கீபோர்டுதான். கீபோர்டில் ‘சர்ச் ஆர்கன்’ என்று பெரிதாக முழங்கும் ஒலியைத் தவிர்த்து, அமைதியான ஒன்றைத் தேடி எடுங்கள். பாமாலைக்கு (மேற்கத்திய மெட்டில் பாடும் சபைப் பாட்டுக்கு) ஆட்டோ ரிதம் போடுவதைப் பற்றி என் கருத்து கடுமையானது: வேண்டாம்.

இரண்டாம் படி: பாமாலையை நடத்துவது

இங்கேதான் ஆர்கனிஸ்ட் தேறுவதும் தேறாததும் தெரியும்.

பாட்டைத் தொடங்குமுன் முதல் வரியை, அல்லது முதல் வரியும் கடைசி வரியுமாக வாசித்துக் காட்டுவீர்கள். அந்த வாசிப்பின் வேகம்தான் சபைக்கு நீங்கள் தரும் வாக்கு. முன்வாசிப்பில் ஒரு வேகம், பாட்டில் வேறு வேகம் என்றால் முதல் இரண்டு வரி கலைந்துபோகும். சரணத்துக்குச் சரணம் விடும் இடைவெளியும் அப்படித்தான். கடைசிச் சுரத்தை முழு அளவுக்குப் பிடித்து, விட்டு, ஒரு தட்டு அமைதி, அடுத்த சரணம். எல்லாச் சரணத்திலும் அதே அளவு. மூன்றாம் சரணத்துக்குள் ஜனங்கள் அதை உடம்பிலேயே வாங்கிக்கொண்டு உங்களோடு மூச்செடுப்பார்கள்.

சபை இழுக்கிறது என்ற புகார் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் நீளக் கோவிலில், முன்னால் நீங்கள் வாசிப்பது கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர 0.1 விநாடி. அவர்கள் பாடுவது உங்கள் காதுக்குத் திரும்பி வர இன்னொரு 0.1. நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் ஒரு தட்டு என்பது 0.67 விநாடி. ஆக, கடைசி பெஞ்சு சரியாகவே பாடினாலும், உங்கள் காதுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தட்டு பிந்தித்தான் வரும். அவர்களுக்காகக் காத்திருந்தீர்களோ, அவர்கள் இன்னும் பிந்துவார்கள், நீங்கள் இன்னும் காத்திருப்பீர்கள். ஐந்தாம் சரணம் சவ ஊர்வலமாகிவிடும். கேளுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். உங்கள் தட்டில் நீங்கள் போய்க்கொண்டே இருங்கள். வரி முடிவில் மட்டும் அவர்கள் மூச்செடுக்க இடம் கொடுங்கள்.

உயரத்தையும் கவனியுங்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் பல மெட்டுகள் மேல் ஈ, எஃப் வரை ஏறும். காலை எட்டு மணி ஆராதனையில் தொண்டை இன்னும் விழித்திருக்காது. ஒரு சுரம் இறக்கி வாசிக்கலாம். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். பழைய பைப் ஆர்கனில் அது கிடையாது. கையாலேயே ஒரு சுரம் ஏற்றி இறக்கப் பழகிக்கொண்டவருக்கு எந்தக் கோவிலிலும் கவலை இல்லை.

ஒவ்வொரு வரியிலும் எத்தனை அசை என்ற அசைக்கணக்கைத் தெரிந்துவைப்பதில் ஒரு லாபம் உண்டு. சி.எம். என்றால் 8.6.8.6, எல்.எம். என்றால் நான்கு வரியும் 8, எஸ்.எம். என்றால் 6.6.8.6. ஐயர் தேர்ந்தெடுத்த பாட்டின் மெட்டு சபைக்குத் தெரியாதென்றால், அதே கணக்கில் தெரிந்த வேறு மெட்டை எடுத்துப் போடலாம். ஆனால் எண்ணிக்கை பொருந்தினாலே போதும் என்று இருந்துவிடக் கூடாது. சனிக்கிழமையே வாய்விட்டு ஒரு சரணம் பாடிப் பாருங்கள். ‘மகிமை’ என்ற சொல்லின் ‘ம’ ஒரு நீண்ட சுரத்தில் விழுந்தால் சபை ‘மாகிமை’ என்றுதான் பாடும். ‘கிருபை’ ‘கீருபை’ ஆகும். நமது மொழிபெயர்ப்புப் பாட்டுகளில் ஏற்கெனவே இது நிறைய இருக்கிறது. நாமும் சேர்க்க வேண்டாமே.

மூன்றாம் படி: கீர்த்தனைக்குக் கை வைப்பது

வெள்ளைக்காரன் மெட்டில் தேர்ந்த பலர் கீர்த்தனையில் சறுக்குகிறார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து வரும் மரபு இது. ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் இசையின் உடம்போடு பிறந்தது. அதற்கடியில் மேற்கத்திய கார்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் ராகம் செத்துப்போகும்.

ஓர் உதாரணம். மாயாமாளவகௌளையை சி-யில் வைத்துக்கொள்வோம். சி, டி பிளாட், ஈ, எஃப், ஜி, ஏ பிளாட், பி. கை பழக்கத்தில் வரி முடிவில் ஜி மேஜர் வைக்கப் போகும். ஜி மேஜருக்கு சுத்தமான டி வேண்டும். ராகத்தில் அந்த டி கிடையாது. அதை வைத்த அந்த நொடியே, பாடுகிற பாட்டி முகத்தைச் சுளிப்பார். காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் காதுக்குத் தெரியும். அதற்குப் பதில் ச-ப என்று இரண்டு சுரத்தை மட்டும் பிடித்து நில்லுங்கள். முடிவுக்கு டி பிளாட் மேஜரிலிருந்து சி மேஜருக்கு இறங்கினால் ராகத்துக்குள்ளேயே இருக்கும், கேட்கவும் கம்பீரமாக இருக்கும். மோகனத்தில் ம, நி இரண்டும் இல்லை. சி-யில் வைத்தால் முழுதாகக் கிடைப்பவை சி மேஜரும் ஏ மைனரும் மட்டும். மற்ற இடங்களில் டி-ஏ, ஜி-டி என்று வெறும் ஐந்தாம் இடைவெளிகள் போதும். சங்கராபரணம் மேஜர் ஸ்கேலேதான். அங்கே கை தாராளமாகப் போகலாம்.

கமகத்தைக் குரலுக்கும் வயலினுக்கும் விட்டுவிடுங்கள். கீபோர்டுக்காரர் பிட்ச் பென்ட் சக்கரத்தைத் திருகித் திருகிக் கமகம் காட்டுவது எனக்குப் பிடித்ததில்லை. எலும்புக்கூட்டைச் சுத்தமாகப் பிடித்தால் போதும்.

நான்காம் படி: ஆராதனை ஒழுங்கும் ஆண்டுச் சக்கரமும்

அந்தந்த ஞாயிறுக்கான தியானப் பொருளும் வேதபாடங்களும் சி.எஸ்.ஐ. அட்டவணையில் முன்கூட்டியே இருக்கும். புதன்கிழமைக்குள் ஐயரிடம் பாட்டு எண்களை வாங்கிவிடுங்கள். ஞாயிறு காலை கொயர் அறையில் சீட்டு வந்து சேரும் பழக்கத்தை அன்பாகப் பேசி மாற்றப் பாருங்கள்.

அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்), கேரல் ஆராதனை, லெந்து (தவக்காலம்), பெரிய வெள்ளி, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். ஒன்பது வேதபாடங்களோடு கேரல் பாடும் முறை 1880ல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கி, 1918ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜுக்குப் போய், அங்கிருந்து உலகம் சுற்றி நம் ஊருக்கும் வந்தது. அதற்கான பயிற்சியை அக்டோபரில் ஆரம்பியுங்கள். டிசம்பரில் பாதிப் பேர் கேரல் ரவுண்ட்ஸில் தொண்டை கட்டிக் கிடப்பார்கள். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் எவ்வளவு குறைவாக வாசிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

ஐந்தாம் படி: கொயர்

உங்கள் கையில் இருப்பது சம்பளம் வாங்காத ஆட்கள். ஆசிரியை, வங்கி ஊழியர், பிளஸ் டூ பையன், ஓய்வுபெற்ற தாத்தா. கிட்டத்தட்டச் சோப்ரானோவுக்கு நடு சி முதல் மேல் ஜி, ஆல்டோவுக்குக் கீழ் ஜி முதல் மேல் டி, டெனருக்குக் கீழ் சி முதல் ஜி, பாஸுக்குக் கீழ் எஃப் முதல் நடு சி. இதற்குள் இருக்கும் பாட்டுகளைத் தேடுங்கள். எல்லாக் கொயரிலும் டெனருக்குத்தான் பஞ்சம். “அண்ணே, இது ரொம்ப மேலே போகுது” என்று ஒரு டெனர் சொன்னால் அவரைத் திட்டாதீர்கள், பாட்டை இறக்குங்கள். ஈஸ்டருக்கு ஹாண்டலின் ஹல்லேலூயா கோரஸ் பாடியே தீருவோம் என்று கிளம்புமுன், சோப்ரானோ நீட்டிப் பிடிக்கும் சுரங்கள் படிப்படியாக மேல் ஜி வரை ஏறுவதை எண்ணிப் பாருங்கள். ஆறு பேர் அதைக் கத்தாமல் பிடிப்பார்களா?

ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) தெரியாதவர்களுக்கு, டோ, ரே, மி என்று எழுத்துகளால் சுரம் எழுதும் டானிக் சோல்ஃபா பெரிய உதவி. நாரிச் ஊரின் சாரா குளோவர் தொடங்கி, ஜான் கர்வென் (1816–1880) செப்பனிட்டுப் பரப்பிய முறை இது. மிஷனரிகள் வழியாகத் தென்மாவட்டக் கொயர்களில் ஊறிப்போனது. டோ எந்த உயரத்திலும் இருக்கலாம். நம் ‘ச’வும் அப்படித்தான் என்பதால் தமிழ்க் காதுக்கு இது அந்நியமாகவே இல்லை. சோல்ஃபாவைப் பழசு என்று ஒதுக்கிவிட்டு, ஃபோனில் அனுப்பிய ஆடியோவைக் கேட்டு மனப்பாடம் செய்யும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. அவசரத்துக்கு அது சரி. ஆனால் அப்படி வளரும் கொயர் ஒவ்வொரு பாட்டையும் அ-னா ஆ-வன்னாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒன்றரை மணி நேரப் பயிற்சியை இப்படிப் பிரிக்கலாம். பத்து நிமிடம் மூச்சும் குரலும். பிறகு மூளை தெளிவாக இருக்கும்போதே புதுப்பாட்டு. புதுப்பாட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுங்கள். எந்தக் கொயரும் முதல் பக்கத்தை நன்றாகப் பாடும், முடிவில்தான் தடுமாறும். அப்புறம் ஞாயிறுக்கான பாமாலையும் கீர்த்தனையும். கடைசியாக எல்லாருக்கும் பிடித்த ஒன்றைப் பாடி அனுப்புங்கள்.

தமிழ் உச்சரிப்பில் ஒன்றை மட்டும் விடாமல் பிடியுங்கள். ‘துதிப்போம்’ என்று வரி முடிகிறதா? பாதிப் பேர் சுரம் தொடங்கியதுமே வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிப்பார்கள். ‘ஓ’விலேயே முழு நீளமும் நின்று, உங்கள் கை மூடும்போது எல்லாரும் சேர்ந்து ‘ம்’ வைக்க வேண்டும். இதை ஒரே ஒரு மாலை சலிக்காமல் செய்து பாருங்கள், கொயரின் சத்தமே இரட்டிப்பானதுபோல் இருக்கும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் பழகி வையுங்கள். யார் தலையசைக்கிறார்கள், யார் பாட்டைத் தாங்குகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த கொயர், ஆர்கன் நின்றதையே சபைக்குத் தெரியவிடாது.

மனஸ்தாபங்கள் வரும். சோலோ யாருக்கு என்பதில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவர்களுக்கே சோலோ என்று வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, கமிட்டி உறுப்பினர் மகளானாலும் அதில் நில்லுங்கள்.

ஆறாம் படி: எழுதுவது

முதல் முயற்சியாகப் பெரிய கான்டாட்டாவுக்கு (பல பகுதிகள் கொண்ட நீண்ட கொயர் படைப்புக்கு) போகாதீர்கள். ஆராதனையில் சபை சொல்லும் சின்னச் சின்ன மறுமொழிகளுக்கு இசை போடுங்கள். நான்கு வரிதான், ஆனால் வாராவாரம் பாடப்படும். எது நிற்கிறது, எது உதிர்கிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பிறகு தெரிந்த பாமாலையின் கடைசிச் சரணத்துக்கு ஒரு டிஸ்கன்ட் (மெட்டுக்கு மேலே சோப்ரானோ பாடும் தனி வரி), வேதாகமச் சங்கீதம் ஒன்று, அப்புறம் முழுப்பாட்டு.

சபைப் பாட்டின் மெட்டு நடு சி-க்கும் மேல் டி-க்கும் நடுவே இருக்கட்டும். நெடில் நீளச் சுரத்தில், குறில் குறுஞ்சுரத்தில். ‘பாட்டு’, ‘கேட்டு’ போன்ற சொற்களின் கடைசி உகரத்தை நீட்ட வைக்காதீர்கள். நான்கு குரலில் எழுதும்போது இணை ஐந்தாம் இடைவெளிகளை (இரண்டு குரல் ஐந்தாம் இடைவெளி விட்டபடியே ஒரே திசையில் நகர்வதை) தவிர்க்கச் சொல்வது சும்மா வாத்தியார்த்தனம் அல்ல. இரண்டு குரல்கள் ஒட்டிக்கொண்டு ஒரே குரலாகிவிடும் என்பதால்தான். கிராமிய மெட்டில் எழுதும்போது அதே விதியைத் தூக்கிப் போடவும் தெரிய வேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாப்பிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அறியப்பட்டவர், நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். அவர் போன பாதையில் இன்னும் எவ்வளவோ இடம் காலியாக இருக்கிறது.

மியூஸ்ஸ்கோர் இலவச மென்பொருள். எழுதியதைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும். அது மூச்சே விடாமல் பாடும் என்பதால் நம்பாதீர்கள். ஒரு சனிக்கிழமை கொயரிடம் கொடுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் தடுமாறினால் திருத்த வேண்டியது அவர்களை அல்ல.

ஏழாம் படி: பிழைப்பு

வெளிப்படையாகவே சொல்கிறேன். நம் ஊர்ச் சபைகளில் பெரும்பாலும் கிடைப்பது சன்மானம்தான், அதை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது. பள்ளி இசை ஆசிரியர் வேலை, கிரேடு வகுப்புகள், ஸ்டுடியோவில் அரேஞ்ச்மென்ட், கல்யாண ஆராதனைகள் என்று சேர்த்துத்தான் வண்டி ஓடும். கல்யாணத்துக்குத் தொகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அடக்க ஆராதனைக்குக் கேட்காதீர்கள். சென்னையில் இருந்தால், 1893ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற கொயரில் பாடிப் பாருங்கள். நல்ல நடத்துனரின் கீழ் பாடுவதுபோல் கொயர் நடத்தக் கற்றுத்தரும் பள்ளி வேறில்லை.

முழுநேரத் தொழிலாக இதைச் செய்ய ஆசை என்றால் வெளிநாட்டுக் கதவுகளும் உண்டு. ஜெர்மனியில் சபை இசைக்கென்றே சி, பி, ஏ என்று தகுதிப் படிகள் இருக்கின்றன. சி பகுதிநேர வேலைக்கு. பி, ஏ இரண்டும் இசைக் கல்லூரிப் படிப்புகள். பிரிட்டனில் 1864ல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் நடத்தும் தேர்வுகளுக்கு மதிப்பு அதிகம். அங்கெல்லாம் நேர்முகத்தில் பெரிய பாக் துண்டோடு, ஒரு பாமாலையை உடனே வேறு சுருதியில் வாசிக்கவும், கொடுத்த மெட்டின்மேல் கற்பனையாக வாசிக்கவும் சொல்வார்கள். இரண்டாம் படியில் சொன்ன பயிற்சி அங்கே கைகொடுக்கும்.

கடைசியாக உரிமை விவகாரம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இசைப் படைப்புக்கு, ஆக்கியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. உண்மையான மதச் சடங்கில் பாடுவதற்கும் வாசிப்பதற்கும் அதே சட்டம் 52ஆம் பிரிவில் விலக்குத் தருகிறது. ஆராதனையைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவது வேறு கணக்கு. அதற்கு உரியவரிடம் அனுமதி வாங்குங்கள். நீங்கள் எழுதிய பாட்டின் தாளிலும் பெயர், ஆண்டு இரண்டையும் போட்டு, தேதியோடு ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பாட்டுகள் நான்கைந்து சேர்ந்து வெளியே ஒலிபரப்பாகத் தொடங்கினால் இசைப் படைப்பாளிகளுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராவதைப் பற்றி யோசிக்கலாம். சபைக்காக எழுதிக்கொடுத்ததை வேறு சபைகள் கேட்டால், இலவசமாகக் கொடுப்பதானாலும் ஒரு வரியில் அனுமதியை எழுதிக்கொடுத்து அனுப்புங்கள்.